முதுகுக்கு முதுகாய் இரண்டு கதிரை

புனிதவதியின் கடை பாரிசில், லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருக்கிறது. பெரிய கடை என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே போனால் இடப்பக்கம் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ரோல்சும் வடையும். வலப்பக்கம் சுவரோரமாகச் சில மேசைகள். அவ்வளவுதான். மத்தியானத்தில் வெள்ளைக்காரரும் வந்து கொத்துரொட்டி கேட்பார்கள். காலையில் வருகிறவர்கள் வேறு ஆட்கள். விடியுமுன் கந்தோர்களைக் கூட்டித் துடைத்துவிட்டு வருகிறவர்கள், ரெஸ்தோரான் வேலைக்குப் போகுமுன் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள்ள வருகிறவர்கள், உழைத்த காலம் முடிந்து பென்சனில் இருக்கிறவர்கள். இஞ்ஞாசி இந்தக் கடைசிக் கூட்டம்.

இஞ்ஞாசி யாரென்றால் பாசையூர் சவுரிமுத்துவின் கடைக்குட்டி. சவுரிமுத்துவுக்கு மூத்தது இராயப்பு. நடுவில் பிறந்ததுகளில் ஒன்று தவழுகிற வயதிலேயே காய்ச்சலில் போனது. ஒன்று கடலோடு போனது. பெண்பிள்ளை மன்னாருக்குக் கட்டிப்போய் அங்கேயே கண்ணை மூடினாள். மிஞ்சியது தலையும் வாலும்தான். அந்தத் தலையும் வாலும் பாரிசுக்கு வந்து சேர்ந்தன.

முதலில் வந்தது இராயப்பு. வதிவிடக் கார்ட் கிடைத்ததும் தம்பியை எடுப்பித்தார். இரண்டு பேரும் ஒரு பெரிய ரெஸ்தோரானின் நிலக்கீழ்க் குசினியில் கோப்பை கழுவினார்கள். இடம் ஒடுக்கம். தமையன் தொட்டிப் பக்கம் பார்த்து நிற்பார், தம்பி தட்டுப் பக்கம் பார்த்து நிற்பார், முதுகும் முதுகும் முட்டும். தமையன் கழுவினதைத் தோளுக்கு மேலால் பின்னுக்கு நீட்ட, தம்பி திரும்பிப் பாராமல் வாங்கித் துடைத்து அடுக்குவார். ஒரு பீங்கான் கீழே விழுந்ததில்லை. அந்தக் குசினியின் பெரிய சமையற்காரன் புதிதாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டுவந்து இதை வேடிக்கை காட்டுவானாம்.

பிறகு இராயப்புவுக்கு மதலேன் வந்தாள், இஞ்ஞாசிக்கு எமிலி வந்தாள். இராயப்புவுக்கு ஷிரோமியும் றொபின்சனும் பிறந்தார்கள். இஞ்ஞாசிக்குப் பிள்ளை இல்லை. தமையன் லா ஷப்பலிலேயே இருந்துவிட்டார். தம்பி நகருக்கு வெளியே பியர்ஃபித்துக்கு வீடு எடுத்துப் போனார். ஆனாலும் காலைச் சாப்பாடு மாத்திரம் புனிதவதி கடையில்தான். ஒரே மேசை, முகத்துக்கு முகம். இராயப்புவுக்கு இடியப்பமும் சொதியும். இஞ்ஞாசிக்குப் பாணும் பருப்பும். நடுவில் கட்டைச்சம்பல் போத்தல். புனிதவதி வல்வெட்டித்துறைப் பக்கத்துக்காரி. அவள் இடிக்கிற சம்பலுக்காகவே தூரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள்.

இப்படி இருந்ததுகள் எப்படிப் பிரிந்தன என்றால், ஒரு கல்யாணக் கார்டால்.

ஷிரோமிக்குக் கல்யாணம் சரிவந்தபோது இராயப்பு இரண்டு இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். வீடு வீடாய்ப் போய்ச் சொல்ல நேரமில்லை. மதலேன் எல்லாக் கார்டையும் போஸ்ட்டில் போட்டுவிட்டாள். அதிலே ஒன்று பியர்ஃபித்துக்கும் போனது. முத்திரை ஒட்டி, தபாற்காரன் கையால்.

எங்கள் ஆட்களிடம் இது சின்னக் காரியமில்லை. நல்லதென்றாலும் கெட்டதென்றாலும் இரத்த உரித்துக்காரருக்கு வாசலுக்கு வந்து வாயால் சொல்ல வேண்டும். ஊராருக்குக் கார்ட் போதும். கூடப் பிறந்தவனுக்குப் போதாது. இஞ்ஞாசி கார்டை எமிலியிடம் காட்டினார்.

"எனக்கும் முத்திரை ஒட்டிப்போட்டார், பாத்தியே."

"வேலை கூடவாக்கும். போவமப்பா. நாங்கள் தூக்கி வளத்த பிள்ளை," என்றாள் எமிலி.

"தெருவால போறவனுக்கும் இதே கார்ட்தான், எனக்கும் இதே கார்ட்தான் எண்டால் நான் ஆர்?"

போகவில்லை. எமிலி பெட்டிக்குள் எடுத்துவைத்த பட்டுச்சேலை பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை காலையில் இராயப்பு கடைக்கு வந்தபோது, இஞ்ஞாசி பக்கத்து மேசைக்கு மாறி, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். இராயப்பு ஒரு கணம் நின்று பார்த்தார். பிறகு தன் வழக்கமான கதிரையில் இருந்தார். கதிரையின் முதுகும் கதிரையின் முதுகும் முட்டின.

ஒரு கிழமையில் சரிவரும் என்று புனிதவதி நினைத்தாள். அவள் தலையில் நரை விழுந்தும் சரிவரவில்லை. இருவரும் வருவார்கள். கடையை விட்டுக்கொடுக்க ஒருவருக்கும் மனமில்லை.

"புனிதம், அந்தப் பக்கத்தில சம்பல் போத்தல் கிடந்தா இஞ்சால தரச் சொல்லு," என்பார் இஞ்ஞாசி.

"அவர் உங்கடை முதுகுக்குப் பின்னாலைதானே அண்ணை இருக்கிறார். நான் அடுப்படியிலயிருந்து ஓடிவந்து சொல்லவேணுமோ?"

"நான் உன்னோடதான் கதைக்கிறன்."

அவள் ஒன்றும் சொல்லுமுன் பின்பக்கத்தால் ஒரு கை போத்தலை நீட்டும். இஞ்ஞாசி திரும்பிப் பாராமல் வாங்கி, சம்பல் போட்டு, திரும்பவும் தோளுக்கு மேலால் நீட்டுவார். பழைய குசினிப் பழக்கம். போத்தல் ஒருநாளும் விழவில்லை. இரண்டு மேசைக்கும் இரண்டு போத்தல் வைக்கப் புனிதவதிக்குத் தெரியாததல்ல. அவள் வைக்கவில்லை.

இதற்கிடையில் எமிலி செத்துப்போனாள். இஞ்ஞாசி ஊராட்கள் வீடெல்லாம் தானே ஏறி இறங்கிச் சொன்னார். ஒரு வாசலை மட்டும் மிதிக்கவில்லை. ஆனால் சேமக்காலையில் குழிக்குப் பக்கத்தில் நின்று நிமிர்ந்தபோது, தூரத்தில், பூவுக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாயடியில் இராயப்பு நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லாரும் மண் போட்டார்கள். இராயப்பு கிட்ட வரவில்லை. இஞ்ஞாசியும் கூப்பிடவில்லை. மண் போட்டு முடிந்து பார்த்தபோது அவருடைய முதுகுதான் தெரிந்தது, படலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

எமிலி போன பிறகு இஞ்ஞாசி பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டு, பியர்ஃபித்திலேயே வேறொரு கட்டடத்தில் ஓர் அறை வீட்டுக்கு மாறினார். புது இடம் எதுவென்று ஒருவருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. காலையில் ரயிலேறி கார் து நோர் ஸ்டேசனில் இறங்கி, ஃபொபூர் சேன்-தெனித் தெருவால் நடந்து வந்து, பாணும் பருப்பும் தின்று, தேத்தண்ணி குடித்து, திரும்பிப் போவதுதான் அவருடைய நாள். ஒரு மனித முதுகின் சூடு அவருக்குக் கிடைத்ததும் அந்த ஒரு இடத்தில்தான்.

இந்த மாரிகாலத்தில் ஒருநாள் பின்கதிரை வெறுமையாய் இருந்தது.

இஞ்ஞாசி கவனியாதவர்போல் இருந்தார். ஆனால் பாணைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. சம்பல் போத்தல் பின்மேசையில் இருந்தது. எழும்பித் தானே எடுக்கவேண்டி வந்தது.

அங்கே காலையில் வருகிறவர்களில் ரொபேர் என்று ஒரு புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுத் தபாற்கந்தோரில் இருந்து ரெத்ரெத் எடுத்து ஓய்வில் இருக்கிறவர். இட்டலியை முள்ளுக்கரண்டியால் சாப்பிடுவார். வாய் சும்மா இருக்காது.

"என்னா மிசியே இஞ்ஞாசி, முதுகு குளிருதா இன்னிக்கி?" என்று கேட்டார்.

"உங்கடை இட்டலியைப் பாருங்கோ."

புனிதவதி தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னாள். "பெரியண்ணைக்கு மூச்செடுக்கக் கஷ்டமாம். ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோட்டினம்."

இஞ்ஞாசி தேத்தண்ணியை ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாளும் கதிரை வெறுமை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். புனிதவதிக்குப் பொறுக்கவில்லை.

"போய்ப் பாக்கேல்லையோ அண்ணை?"

"எனக்கு ஆர் சொன்னது?"

"இப்ப நான் சொல்லுறன்தானே!"

"நீ சொல்லுறது வேற. வீட்டுக்காரர் சொல்லுறது வேற."

ரொபேர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். "அண்ணன் சீக்கா கெடக்கிறாரு. பாக்கப் போறதுக்கு உமக்குப் பிரெஃபெக்சர்லேர்ந்து கொன்வொகாசியோன்னு அழைப்புக் கடுதாசி வரணுமா?"

"ஓம், வரவேணும்! எங்கடை ஆக்களுக்கை அப்பிடித்தான். உங்களுக்கு விளங்காது."

"வெளங்கவே வேணாம்ப்பா. நல்லா இரும்."

இஞ்ஞாசி கோட்டை மாட்டிக்கொண்டு எழும்பிப் போனார். ஆஸ்பத்திரி, கடையில் இருந்து நடந்து போகிற தூரம்தான். அந்த மதில் வரைக்கும் போனார் என்றும், எதிர்ப்பக்கத்து பஸ் தரிப்பில் வெகுநேரம் இருந்தார் என்றும் பிறகு தெரியவந்தது. பஸ்கள் வந்து வந்து போயின. யாராவது உள்ளேயிருந்து வெளியே வந்து தன்னைக் கண்டுவிட மாட்டார்களா, கண்டு "உள்ளுக்கு வாங்கோ" என்று ஒரு சொல் சொல்லமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்டவர் இல்லை. குளிர் ஏறினதும் ஸ்டேசனுக்குப் போய்விட்டார்.

பிறகு ஒரு புதன்கிழமை. ஃபொபூர் சேன்-தெனியால் வந்துகொண்டிருந்தவர் ஒரு பலசரக்குக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டார். அந்தக் கண்ணாடியில்தான் மரண அறிவித்தல்களை ஒட்டுவார்கள். கறுப்புக் கரை போட்ட புதுத் தாளில் இராயப்பு கோட்டும் ரையும் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டை இஞ்ஞாசி ஒருநாளும் கண்டதில்லை. ஷிரோமியின் கல்யாணத்தில் எடுத்த படம் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் சென்றது.

கண்ணாடிக்கு உள்பக்கம் ஒருத்தி வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இஞ்ஞாசி விரலை எழுத்துக்குக் கீழே வைத்து மெல்ல வாசித்தார். சவுரிமுத்துவின் மூத்த மகன். மதலேனின் கணவன். ஷிரோமி, றொபின்சனின் தகப்பன். பிறகு, பியர்ஃபித் இஞ்ஞாசியின் பாசமிகு தமையன். பெயரைப் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலை கோயிலில் பூசை, பிறகு அடக்கம்.

வாசித்து முடிந்தும் விரல் கண்ணாடியில் இருந்தது.

நாங்களென்றால் அங்கேயிருந்தே கடைக்கோ தமையன் வீட்டுக்கோ ஓடியிருப்போம் என்று நினைக்கலாம். இஞ்ஞாசியின் மனம் வேறு பக்கம் போனது. கண்ணாடி ஊருக்குச் சொல்லுகிறது. எனக்கு அண்ணையின் மகன் வந்து சொல்லுவான். கட்டாயம் சொல்லுவான். பெயரைப் போட்டவர்கள் சொல்லாமல் விடுவார்களா? அவன் வருகிற நேரம் நான் வீட்டில் இல்லாவிட்டால்?

சாவு சொல்லுகிறதற்கும் ஒரு முறை இருக்கிறது. சொல்ல வருகிறவன் வாசலில் நின்று சொல்லுவான். உள்ளே வந்து இருக்கமாட்டான். தண்ணீர்கூட வாயில் வைக்கமாட்டான். திரும்பும்போது 'போட்டு வாறன்', போய் வருகிறேன், என்று சொல்லமாட்டான், அந்த வாசலுக்கு அப்படிப்பட்ட செய்தி இன்னொருமுறை வரக்கூடாது என்று. கேட்டவன் சாப்பாட்டில் இருந்தாலும் பாதியில் எழும்புவான். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்பான். கேட்டுவிட்டால் பிறகு எந்தக் கோபமும் நிற்காது. எவ்வளவு பெரிய பகையும் அந்த ஒரு கேள்வியோடு முடிந்துவிடும். அதற்காகத்தான் அந்த முறையே.

சொல்லி அனுப்புகிற வாய் அண்ணனுடைய வீட்டு வாயாக இருக்கவேண்டும். இஞ்ஞாசிக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அது கிடைத்தால் ஓடிப்போய்ப் பெட்டியைக் கட்டிப்பிடித்து, மூன்று பிடி மண் போட்டுவிடலாம்.

கடைக்குப் போகாமல், பசியோடு, அடுத்த ரயிலிலேயே வீட்டுக்குத் திரும்பினார்.

முகம் வழித்தார். கறுப்புக் களுசானையும் வெள்ளைச் சேட்டையும் அயன்பண்ணிக் கதிரையில் போட்டார். கைத்தொலைபேசியை எடுத்து அணைத்து லாச்சிக்குள் வைத்தார். இல்லாவிட்டால் போனில் இரண்டு சொல்லுச் சொல்லிவிட்டுக் காரியத்தை முடித்துவிடுவார்கள். கார்டுக்கு முத்திரை ஒட்டினதுபோல. போன் வேலை செய்யாவிட்டால் கால் நடந்து வரத்தானே வேண்டும்?

பிறகு நினைவு வந்து கீழே இறங்கினார். வாசல் மணிப்பலகையில் அவருடைய வீட்டுக்கு நேரே இன்னும் முன்பு இருந்தவரின் பெயர்தான் கிடந்தது. மாறிவந்த நாள்முதல் அதை மாற்றவில்லை, மாற்றத் தேவை வரவில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் தன் பெயரை எழுதி ஒட்டினார். காற்றுக்குக் கழன்றுவிடும் என்று இன்னொரு தடவை இறங்கிப்போய் மேலாலும் ரேப் ஒட்டினார்.

புதன் போனது. வியாழன் போனது. மணி ஒரு தடவை அடித்தது. விழுந்தடித்துக் கீழே ஓடினார். பார்சல்காரன், வேறு வீட்டுக்கு வந்தவன். வெள்ளியும் போனது. பேணி மீனும் பழைய பாணும் தின்றார். ஜன்னலடியில் இருந்து கீழே வருகிற ஒவ்வொரு கறுத்தத் தலையையும் பார்த்தார். றொபின்சன் இப்போது எப்படி இருப்பான்? கடைசியாய்க் கண்டபோது மீசை இல்லை. பார்த்தாலும் மட்டுக்கட்ட முடியுமோ என்று பயம் வந்தது. அண்ணனின் நடை இருக்கும், அதை வைத்துப் பிடித்துவிடலாம் என்று மனத்தைத் தேற்றினார்.

சனிக்கிழமை விடிய எழும்பிக் குளித்து, அயன்பண்ணினதை எல்லாம் உடுத்து, சப்பாத்தும் போட்டு, கதவோரம் கதிரையை இழுத்து இருந்தார். கடைசி நேரத்திலாவது கார் கொண்டுவந்து கூப்பிடுவார்கள். பூசை தொடங்குகிற நேரம் வந்தது. இப்போது பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோவார்கள் என்று நினைத்தார். இப்போது குருவானவர் தண்ணீர் தெளிப்பார். எமிலியின் அடக்கத்தில் குழாயடியில் நின்ற தொப்பி இல்லாத தலை அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது. அந்த மனிசனுக்கு யார் போய்ச் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லையே. வந்து நின்றாரே.

எழும்பிக் கதவுப் பிடியில் கைவைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. இவ்வளவு நாள் காத்திருந்துவிட்டு இப்போது கூப்பிடாமல் போய் நின்றால், மதலேன் பார்ப்பாள், ஊர் பார்க்கும், 'வெக்கமில்லாமல் வந்து நிக்கிறான்' என்று சொல்லும். திரும்பி வந்து இருந்தார். மத்தியானம் தாண்டியதும் சப்பாத்தைக் கழற்றினார்.

ஞாயிறு முழுக்கக் கட்டிலில் கிடந்தார்.

திங்கட்கிழமை கடைக்குப் போனார். கோபத்தோடுதான் போனார். அந்தக் கோபம் இல்லாவிட்டால் கட்டிலில் இருந்து எழும்பியிருக்கமாட்டார். யாரிடமாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது, அவருக்கு வேறு ஆள் இல்லை. கதவைத் தள்ளியதும் வாயைத் திறந்தார்.

"பாத்தியே புனிதம்! ஒரு நாய்கூட வந்து சொல்லேல்லை. செத்தும் முறை தெரியாத..."

புனிதவதி கையில் இருந்த இடியப்பத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ அண்ணை! எங்கை போட்டியள்? உங்களுக்கு உயிர் இருக்கோ எண்டு நான் துடிச்சுப்போனன். போனை ஏன் நிப்பாட்டி வைச்சனியள்?"

"போனிலயோ சாவு சொல்லுறது?"

"ஆர் போனிலை சொன்னது! பெடியன் நேரிலை எல்லோ வந்தவன். றொபின்சன். புதன் காலமை கடை திறக்கேக்கையே வந்து நிண்டான். வியாழனும் வந்தான். வெள்ளியும் வந்தான். தேப்பன்ரை கதிரையிலை இருந்து கதவையே பாத்துக்கொண்டு இருந்தான். என்ன குடுத்தாலும் வாயிலை வைக்கேல்லை."

இஞ்ஞாசி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சை ஏன் வந்தவன்? வீட்டை எல்லோ வரவேணும்."

"எந்த வீட்டை? பழைய வீட்டை போனவனாம், அங்கை வேற ஆரோ அரபுச் சனம் இருக்குதாம். புது வீடு எனக்குத் தெரியுமோ? ஆருக்குத் தெரியும்? பியர்ஃபித் ஆக்கள் எல்லாரையும் கேட்டான். ஒருத்தருக்கும் தெரியாது. 'சித்தப்பாவைக் காலமை இந்தக் கதிரையிலை பிடிக்கலாம், அங்கை போ' எண்டு தேப்பன்தான் சொல்லிவிட்டவராம். வேறென்ன செய்வான் அவன்?"

"ஆர்? அண்ணையே சொன்னவர்?"

"ஆஸ்பத்திரியிலை வைச்சு. கதைக்கேலாமல் கிடந்த மனிசன், இதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னவராம். 'தம்பிக்கு நீயே போய் முகத்தைப் பாத்துச் சொல்லு. நான் விட்ட பிழையை நீ விடாதை' எண்டு."

 ரொபேர் தலையைக் குனிந்துகொண்டு இட்டலியைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார். "சனிக்கிழமை நானும் போயிருந்தேன் மிசியே. பொட்டிய மூட வுடலை அந்தப் பையன். இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம்னான். அங்க வேலைக்கு நிக்கிற ஆளுங்க கைக்கடிகாரத்தக் காட்டினாங்க. அப்பறம் என்னா பண்றது."

இஞ்ஞாசி போய்த் தன் கதிரையில் இருந்தார். இருந்தார் என்பதைவிட விழுந்தார் என்பது சரி. புனிதவதி வழக்கம்போல் பாணையும் பருப்பையும் கொண்டுவந்து வைத்தாள். வைக்கிறதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கை பழக்கத்தில் வைத்தது. ஒரு துண்டைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்தார்.

அப்போது கதவு திறந்தது.

மட்டுக்கட்ட முடியுமோ என்று பயந்திருந்தாரே, பயப்படத் தேவையிருக்கவில்லை. இடது தோளைச் சரித்துக்கொண்டு வருகிற அதே நடை. கறுப்புக் கோட். தாடி வழிக்கவில்லை. கடைக்குள் வந்து, வெறுங்கதிரையைப் பார்த்து, அதற்குப் பின்னால் இருந்த முதுகைப் பார்த்தான்.

"சித்தப்பா?"

இஞ்ஞாசி திரும்பினார்.

றொபின்சன் கதிரையில் இருக்கவில்லை. கைகளைக் கோட்டுப் பைக்குள் இருந்து எடுத்து முன்னுக்குக் கட்டிக்கொண்டான். கோயிலில் வாசகம் வாசிக்கிற பிள்ளைபோல நின்றான். இந்தச் சொற்களை அவன் தாயிடம் கேட்டுப் பாடமாக்கியிருக்க வேண்டும். பிரெஞ்சு வாயில் அவை மெல்ல மெல்லத்தான் வந்தன.

"சித்தப்பா, அப்பா மோசம் போட்டார். உங்களுக்குச் சொல்லச் சொல்லி... சொல்லச் சொல்லி என்னை விட்டவர்."

இஞ்ஞாசி பிய்த்த பாணைப் பீங்கானில் வைத்தார். கையைத் துடைத்தார். எழும்பினார். நேராய் நின்றார்.

"எத்தினை மணிக்குத் தம்பி எடுக்கினம்?"

றொபின்சன் விளங்காமல் புனிதவதியைப் பார்த்தான். பிறகு சித்தப்பாவைப் பார்த்தான்.

"மே... சித்தப்பா. எடுத்தாச்சு. சம்தி. சனிக்கிழமை எடுத்தாச்சு."

"ஓம்," என்றார் இஞ்ஞாசி. "ஓம். எடுத்தாச்சு."

கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. கோபமும் போயிற்று. கோபம் போன இடத்தில் ஒன்றும் இல்லை. முறைப்படி இனி அவர் சாப்பாட்டை விட்டுப் புறப்பட வேண்டும். எங்கே புறப்படுவது? பூசைக்கா? பெட்டியடிக்கா? குழிக்கு மேல் கல்லும் வைத்திருப்பார்கள். கோட்டை மாட்டாமலே நடைபாதை வரைக்கும் போனவர் அங்கே நின்றுவிட்டுத் திரும்பிவந்தார்.

புனிதவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து றொபின்சனிடம் நீட்டினாள். "இனியாவது ஒருவாய் குடியுங்கோ தம்பி. இத்தினை நாள் வந்தும்..."

"குடுக்காதை," என்றார் இஞ்ஞாசி. "சொல்ல வந்தவன் குடிக்கக்கூடாது."

பெடியன் வாங்க நீட்டின கையை மடக்கிக்கொண்டான். "அம்மாவும் அப்பிடித்தான் சொன்னவா. அதுதான் நான் ஒரு நாளும் குடிக்கேல்லை," என்றான். அதைக் கேட்டதும்தான் இஞ்ஞாசியின் முகம் உடைந்தது. சத்தம் வரவில்லை. தாடை மட்டும் ஆடியது.

கொஞ்சம் பொறுத்து றொபின்சன் கேட்டான். "முப்பத்தோராம் நாள் பூசை இருக்கு. அதுக்கும் நான் வந்து சொல்லவேணுமோ?"

"வேண்டாம்."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

"தெரியும். நான் வருவன். பின்னாலை நிப்பன்."

"ஏன் பின்னாலை?"

 பெடியனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு, தெரியாத்தனத்தில், எல்லாரிடமும் சொல்லுகிறதுபோல, "போட்டு வாறன் சித்தப்பா," என்றான்.

புனிதவதி நெஞ்சில் கைவைத்தாள். சாவு சொன்ன வாய் சொல்லக்கூடாத சொல். இஞ்ஞாசி திருத்தவில்லை. தெருவால் போகிற அந்தச் சரிந்த தோளைக் கண்ணாடிக்கூடாகப் பார்த்துக்கொண்டிருந்தார், ஸ்டேசன் பக்கம் திரும்பி மறையும்வரைக்கும்.

பிறகு தன் இடத்தில் இருந்தார். பருப்பு ஆறி ஆடை படிந்திருந்தது. சம்பல் போத்தல் அன்றைக்கு அவருடைய மேசையில்தான் இருந்தது. அவர் சம்பல் போடவில்லை. போத்தலை எடுத்து, திரும்பிப் பாராமல், தோளுக்கு மேலால் பின்னுக்கு நீட்டினார். நீட்டின கை அப்படியே நின்றது. ரொபேர் எழும்பப் பார்த்தார். புனிதவதி கண்ணால் வேண்டாம் என்றாள். கை நோவெடுத்துத் தானாக இறங்கியபோது, இஞ்ஞாசி உடம்பைத் திருப்பி, போத்தலைத் தமையனின் மேசையில் நடுவாக வைத்தார்.

இப்போதும் அவர் வருகிறார். பாணும் பருப்பும்தான். போத்தல் பின்மேசையில் இருக்கும். சம்பல் வேண்டுமென்றால் அவர் எழும்பிப் போய் எடுக்க வேண்டும். பெரும்பாலும் சம்பல் இல்லாமலே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.